வேணியக்காவும் குறைந்துபோன கூலன்ட்டும்

முதல் தடவை அந்த எச்சரிக்கை வந்தபோது வேணியக்கா எனக்கு போன் செய்து, "தம்பி, வண்டிக்குத் தாகம் எடுத்திருச்சு போல. கொஞ்சம் வந்து பாருங்க" என்றார்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் தரைத்தளத்தில் அந்தக் கார் நின்றிருந்தது. பிளக்-இன் ஹைபிரிட் வகை. அதாவது பெட்ரோல் இன்ஜினும் உண்டு, சுவரில் இருக்கும் பிளக்கில் சொருகி சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் பெரிய பேட்டரியும் உண்டு. ஊருக்குள் பேட்டரியில் சத்தமில்லாமல் ஓடும். நெடுஞ்சாலை ஏறினால் இன்ஜின் சேர்ந்துகொள்ளும். திருச்சியில் அப்படிப்பட்ட வண்டிகள் விரல் விட்டு எண்ணும்படிதான் இருக்கின்றன. அதன் கம்பெனி சர்வீஸ் கோயம்புத்தூரில். சின்னச் சின்ன விஷயங்களுக்கு யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை, பால்பண்ணைப் பகுதியில் இருக்கும் எங்கள் பட்டறைக்குத்தான் போன் வரும். பட்டறை பரக்கத் அலி பாயுடையது. நான் அங்கே மின்சார வண்டிகளைப் பார்க்கிறவன், பெயர் கலையரசன். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள்.

பானெட்டைத் திறந்து பார்த்தேன். இன்ஜினுக்கு ஒரு கூலன்ட் டேங்க், பேட்டரிக்குத் தனியாக இன்னொன்று. பேட்டரி சூடேறாமல் இருக்க ஒரு நீலத் திரவம் அதைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நீலம் கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. கம்பெனி சொல்லும் அதே திரவத்தைக் கொண்டுபோயிருந்தேன். கோடு வரைக்கும் ஊற்றினேன். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கும் ஈரம் தெரியவில்லை.

"அக்கா, இது மூடின சுத்து. தானா குறையக் கூடாது. மறுபடி குறைஞ்சா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். அப்ப எதையும் ஊத்தாதீங்க. எனக்குச் சொல்லுங்க."

"அவசரத்துக்குத் தண்ணி கூடவா?"

"தண்ணி கூடவே கூடாது."

"காவேரித் தண்ணி தம்பி. போர் தண்ணி மாதிரி இல்ல. உப்பே கிடையாது."

"அதுலயும் கரன்ட் பாயும்க்கா. பேட்டரி உள்ள ஒரு சொட்டு கசிஞ்சாலும் வம்பு. இந்த நீலத் தண்ணில அந்த பயம் கம்மி."

வேணியக்கா தலையாட்டினார். ஆனால் அவர் கண் டிக்கியின் பக்கம் போனதைப் பார்த்தேன். அங்கே எப்போதும் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன்கள் இரண்டு இருக்கும்.

அந்தக் கேன்களுக்கு ஒரு கதை உண்டு. வேணியக்காவின் பாதி வாழ்க்கை அதில் வந்துவிடும்.

வேணியக்காவின் ஊர் திருவெள்ளறை. வீட்டில் கடலை போடுவார்கள், மழை ஏமாற்றினால் அடுத்தவர் வயலுக்குப் போவார்கள். பத்தாவது முடித்ததும் கல்யாணம். கணவர் வீரமலை பூ மார்க்கெட்டில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். பெண்களுக்கு ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வேணியக்கா போய்ச் சேர்ந்தார். உரிமம் வாங்கிக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய முதல் நாள், வரிசையிலிருந்து ஒருவர், "அக்கா, ரிவர்ஸ் எடுக்க ஆள் வேணுமா?" என்று கேட்டாராம்.

"ஆள் வேணாம். நீங்க கொஞ்சம் தள்ளி நின்னா போதும், தானா எடம் கிடைச்சிரும்" என்றிருக்கிறார் இவர். அதற்குப் பிறகு அங்கே யாரும் ரிவர்ஸ் பற்றிப் பேசவில்லை.

ஆட்டோவிலிருந்து ஸ்கூல் வேனுக்கு மாறினார். வேனில் மூன்று அளவுகளில் டிரவுசர்கள் வைத்திருப்பார். எல்.கே.ஜி. பிள்ளைகள் வழியில் நனைத்துக்கொண்டால் ஓரமாக நிறுத்தி மாற்றிவிட்டு, வீட்டு வாசலில், "தண்ணி பாட்டில் கொட்டிருச்சும்மா, மூடி லூசு. நான் பாக்காம விட்டுட்டேன்" என்று தன்மேல் போட்டுக்கொள்வார். ஒரு அம்மா, நீங்கள் ஏன் இவ்வளவு கவனக் குறைவாக இருக்கிறீர்கள் என்று சத்தமே போட்டிருக்கிறார். வேணியக்கா வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "அந்தப் புள்ள மறுநாள் தலைய நிமித்தி வேன்ல ஏறணும்ல" என்றார் என்னிடம்.

அந்த வேன்தான் ஒரு சித்திரை மாதத்து மதியம், பிள்ளைகள் நிறைந்திருக்க, கொள்ளிடம் பாலத்தின் நடுவில் ரேடியேட்டர் கொதித்து நின்றது. கீழே ஆற்றில் வெறும் மணல். வண்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிள்ளைகளின் பாட்டில்களில் மிச்சமிருந்ததையெல்லாம் வாங்கிச் சேர்த்து, சூடு ஆறக் காத்திருந்து ஊற்றி வீடு சேர்த்தார். அதற்குப் பிறகு வேணியக்கா ஏறுகிற எந்த வண்டியிலும் இரண்டு கேன் தண்ணீர் இருக்கும்.

வேன் கிளட்ச்சை மிதித்து மிதித்து அவர் இடது முட்டி தேய்ந்துபோனது. இனி கிளட்ச் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் பீமராவ் சார் கூப்பிட்டார். ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடையவளஞ்சான் வீதியில் ஒரு சந்துக்குள் வேணியக்கா வேனை அப்படியே பின்னால் எடுத்து வெளியே கொண்டுவந்ததை ஒருநாள் நின்று பார்த்திருக்கிறார். அவருடைய மகன் மாதவன் சிங்கப்பூரில் இருக்கிறார். அப்பா அம்மா போய்வர இந்தக் காரை வாங்கிக் கொடுத்திருந்தார். பீமராவ் சாருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது, ஓட்ட முடியாது. அம்மாவுக்குத் தில்லைநகரில் பிசியோதெரபிக்குப் போகவேண்டும். கிளட்ச் இல்லாத வண்டி, தெரிந்த மனிதர்கள். வேணியக்காவுக்கு அதைவிடத் தோதான வேலை திருச்சியில் வேறு இருக்கவில்லை.

"மொத நாள் பயந்தே போயிட்டேன் தம்பி. ஸ்டார்ட் பண்ணேன், சத்தமே இல்ல. வண்டி செத்துப்போச்சுன்னு நெனச்சேன். சார்தான், 'ஓடிண்டுதான் இருக்கு, கியரைப் போடு'ன்னாரு."

சார் முப்பது வருடம் பியட் ஓட்டியவர். காலையில் குளித்ததும் ஒரு செம்புத் தண்ணீரோடு போய் ரேடியேட்டரைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பாராம். புதுக் கார் வந்த பிறகும் அந்தச் செம்போடு இறங்கி வந்தார். வேண்டாம் என்று சொல்ல வேணியக்காவுக்கு மனம் வரவில்லை. வைப்பர் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிற டேங்க்கின் மூடியைத் திறந்து, "இதுதான் சார்" என்று காட்டிவிட்டார். அன்றிலிருந்து சார் தினமும் அதில்தான் ஊற்றினார். ஸ்ரீரங்கத்திலேயே மிகச் சுத்தமான முன்கண்ணாடி அந்தக் காருக்குத்தான் இருந்தது.

முதல் எச்சரிக்கை வந்த அன்று நான் வேலையை முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தபோது பீமராவ் சார் மகனுக்கு போன் போட்டார். கண் சரியாகத் தெரியாததால் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"இப்படி ஒண்ணு ஆரம்பிச்சா நிக்காதுப்பா" என்றார் மாதவன் அங்கிருந்து. "இன்னொரு தடவை இந்த வார்னிங் வந்தா கோயம்புத்தூருக்கு அனுப்பி வித்துடலாம். உங்களுக்குக் கால் டாக்சி இருக்கே. எதுக்கு டென்ஷன்?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிற ஒரு மகனின் கணக்கு அது. ஆனால் பக்கத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த வேணியக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. வண்டி போனால் வேலை போகும் என்பதை அந்த உரையாடலில் யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குக் கேட்டது. சாருக்கும் கேட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஆடிப்பெருக்குக் கூட்டமெல்லாம் வடிந்து, அம்மா மண்டபம் சாலை பழையபடி ஆன ஒரு சனிக்கிழமை காலை வேணியக்கா மறுபடி கூப்பிட்டார். இந்த முறை தாகம் என்று எதுவும் சொல்லவில்லை. "சார்ஜ் ஏற மாட்டேங்குது. வாங்க" என்று மட்டும் சொன்னார்.

போனேன். 'சார்ஜ் செய்ய முடியாது, சர்வீஸுக்குத் தெரிவிக்கவும்' என்று திரை சொன்னது. கூலன்ட் எச்சரிக்கை இல்லை. ஆனால் பானெட்டைத் திறந்ததும் குழப்பமாக இருந்தது. பேட்டரி டேங்க்கில் திரவம் மேல்கோட்டையும் தாண்டி நின்றது. நான் கடைசியாக விட்ட அளவைவிட அதிகம். கசிந்தால் குறையவேண்டும், இது ஏறியிருந்தது. நீலமும் வெளுத்திருந்தது, பலமுறை துவைத்த சட்டையைப் போல. கூலன்ட்டின் அடர்த்தி பார்க்கும் சின்னக் கண்ணாடிக் கருவியில் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏறக்குறைய பாதி தண்ணீர்.

"அக்கா, யாரு இதுல தண்ணி ஊத்துனது?"

வேணியக்கா கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்து நிமிர்ந்தார். "நான்தான் தம்பி."

"அன்னைக்கே சொன்னேனேக்கா."

"சொன்னீங்க. நாந்தான் கேக்கல."

எனக்குக் கோபம் வந்தது. விளக்கமாகச் சொல்லியும் கேட்கவில்லையே, படிக்காதவர்களிடம் இதுதான் தொல்லை என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடிய வேகத்திலேயே எனக்கு உறைத்தது. என் அம்மா கையெழுத்துப் போடவே என்னிடம்தான் கற்றுக்கொண்டார். ஒரு பட்டம் கையில் வந்தவுடன் இந்த வார்த்தை எனக்குள் எங்கே தயாராக உட்கார்ந்திருந்தது? அதைப் பற்றி யோசித்துக்கொண்டே டிக்கியைத் திறந்தேன். கேன்கள் இரண்டும் கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தன. மூடிகளின் மேல் தூசி.

"எதுலேர்ந்து ஊத்துனீங்க?"

"கேன்லேர்ந்துதான்."

பரக்கத் அலி பாய்க்கு போன் செய்து விவரம் சொன்னேன்.

"ஸ்டார்ட் பண்ணாத கலை" என்றார் அவர். "எங்க கசியுதுன்னு தெரியாது. பேட்டரி பக்கத்துல வெறும் தண்ணி நிக்குது. நான் ரெக்கவரி வண்டி அனுப்புறேன், நேரா கோயம்புத்தூர் போகட்டும். எத்தன தடவ ஊத்துனாங்கன்னு மட்டும் சரியாக் கேட்டுச் சொல்லு. அவங்க அதத்தான் மொதல்ல கேப்பாங்க."

போனை வைத்ததும் வேணியக்கா கிட்டே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, மாதவன் சார்கிட்ட நான் ஊத்துனேன்னே சொல்லிடுங்க. பெரியவர் காதுக்குப் போக வேணாம்" என்றார்.

"வேலை போயிடுமேக்கா."

"வண்டியே போகப்போகுது. அப்பறம் வேலை எங்க இருக்கு?"

அது சரிதான். ஆனால் பெரியவர் காதுக்கு ஏன் போகக்கூடாது என்பது எனக்குப் புரியவில்லை. கேட்பதற்குள் லிஃப்ட் திறந்தது. பீமராவ் சார் வெள்ளை வேட்டியும் பனியனுமாக, சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தார். கையில் செம்பு இல்லை.

"என்ன தம்பி, சார்ஜ் ஏறலையாமே."

"கூலன்ட்ல தண்ணி கலந்திருக்கு சார்."

"கலந்திருக்கும். நான்தானே ஊத்தினேன்."

"சார், நீங்க மேல போங்க. அம்மா தனியா இருப்பாங்க" என்றார் வேணியக்கா.

"அவ டிவி பாத்துண்டிருக்கா. நான் இல்லேன்னா சத்தத்தைக் கூட வெச்சுப்பா."

"சாருக்கு ஞாபகம் இல்ல தம்பி. நாந்தான் ஊத்துனேன்."

பீமராவ் சார் அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். "எனக்குக் கண்ணுதான் மங்கல். ஞாபகத்துக்கு என்ன வந்துடுத்து? நீ எப்ப ஊத்தின, சொல்லு பாப்போம்."

"காலைல."

"என்னிக்கு?"

வேணியக்கா கொஞ்சம் தயங்கினார். "நேத்து. வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை நீ லீவு. வீரமலைக்கு முதுகு வலின்னு ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போனே. அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையும் அதே ஆஸ்பத்திரி." சார் என் பக்கம் திரும்பினார். "பொய் சொல்லவும் ஒரு பழக்கம் வேணும் தம்பி. இவ வேன்ல புள்ளேளுக்காகச் சொல்லிச் சொல்லி அதோட நின்னுட்டா. பெரியவாளுக்குச் சொல்லத் தெரியலை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். வேணியக்கா சிரிக்கவில்லை.

பிறகு சார் சொன்னார். வேணியக்கா வராத வெள்ளிக்கிழமைகளில் காலையில் அவர் காரில் போய் உட்காருவாராம். எங்கும் போக அல்ல. உட்கார்ந்து, பட்டனை அழுத்தி, ரேடியோ கேட்பார். அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் திரையில் மஞ்சளாக ஏதோ வந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தார். அதே எச்சரிக்கை. மகன் சொன்னது ஞாபகம் வந்தது. மேலே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். திரையில் மஞ்சள் போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வந்தது. மறுபடி ஊற்றினார். நேற்று மூன்றாவது தடவை. நேற்றுக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிவிட்டார், அடுத்த வாரம் வராமல் இருக்கட்டும் என்று.

"இந்த வார்னிங் வந்தா வண்டி போயிடும். வண்டி போனா, இந்த முட்டியை வெச்சுண்டு இவ எங்க போய் ஓட்டுவா? அதான் ஊத்தினேன். விளக்கு அணைஞ்சுது, எனக்கு ஒரே திருப்தி."

"சரியான டேங்க் எப்படி சார் தெரிஞ்சுது?" என்று கேட்டேன். வைப்பர் டேங்க் விஷயம் சாருக்குத் தெரியக் கூடாது என்பதை மறந்துவிட்டுக் கேட்டுவிட்டேன்.

"ஏன், தெரியாம என்ன? அன்னிக்கு நீ ஊத்தினப்போ பக்கத்துலதானே நின்னேன். இவ எனக்கு வைப்பர் டேங்க்கைக் காட்டி ரேடியேட்டர்னு சொன்னாளே, அன்னிக்கே தெரியும். முப்பது வருஷம் வண்டி வெச்சிருந்தவனுக்கு வைப்பர் தண்ணி தெரியாதா?"

வேணியக்காவின் முகம் மாறிவிட்டது. "அப்பறம் ஏன் சார் தெனம் அதுல ஊத்துனீங்க?"

"நீ அவ்வளவு மெனக்கெட்டு ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கே. அதைக் கெடுப்பானேன்னுதான்."

மாடியில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள், விசில் வந்தது.

வேணியக்கா காரின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டார். "காலைல மூடி கோணலா இருந்துச்சு சார். அப்பவே புரிஞ்சுபோச்சு. மாதவன் சாருக்குத் தெரிஞ்சா உங்களை வண்டி கிட்டயே விட மாட்டாரு. சாவியையும் மேல வெக்கச் சொல்லிடுவாரு. காலைல கீழ எறங்கி வர்றது ஒண்ணுதான் உங்களுக்கு இருக்கு. அதான்."

"அதனால என் தப்பை நீ எடுத்துண்டே."

"அதுல என்ன சார் இருக்கு?"

"என்ன இருக்கா?" பீமராவ் சாரின் குரல் உயரவில்லை. ஆனால் அதில் முதல்முறையாகக் கோபம் இருந்தது. "கார் ஓட்டறதை விட்டாச்சு. பேப்பர் படிக்கறதை விட்டாச்சு. ரோடு தாண்ட உன் கையைப் பிடிச்சுக்கறேன். தப்பு பண்றதாவது என்கிட்ட இருக்கட்டுமே, வேணி."

வேணியக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒருவர் தன்னிடம் கேட்பார் என்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார். வேனில் எத்தனை பிள்ளைகள், எத்தனை டிரவுசர்கள். யாரும் தங்கள் தப்பைத் திருப்பிக் கேட்டதில்லை.

கடைசியில், "சரிங்க சார். நீங்கதான் ஊத்துனீங்க. போதுமா?" என்றார்.

"போதும்."

"மூடியையும் நீங்கதான் கோணலா மூடுனீங்க."

"அது கண்ணு பண்ணின தப்பு. அதை என் கணக்குல சேக்காதே."

சாரே மகனுக்கு போன் போட்டார், ஸ்பீக்கரில். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மாதவன் முதலில் கோபமாகத்தான் ஆரம்பித்தார். "அப்பா, வார்னிங் வந்ததும் ஏன் சொல்லலை?" என்றார்.

"சொன்னா வித்துடுவேன்னு சொன்னியே."

லைன் போய்விட்டதோ என்று சார் போனைக் காதருகே கொண்டுபோனார். பிறகு மாதவன் மெதுவாக, "சரி, இந்த தடவை ரிப்பேர் பண்ணிப் பாப்போம். ஆனா மறுபடி ஒரு தடவை வந்துதுன்னா என்னால முடியாதுப்பா, வித்துடத்தான் வேணும்" என்றார். வேணியக்காவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வைப்பதற்கு முன், "அவங்க முட்டிக்கு என்ன?" என்று மட்டும் கேட்டார்.

மதியத்துக்குள் ரெக்கவரி வண்டி வந்தது. ஸ்டார்ட் செய்யாமல், கயிற்றால் இழுத்து மேலே ஏற்றினோம். வேணியக்கா டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் போகவேண்டிய அவசியம் இல்லை என்று சொன்னேன்.

"எங்கேர்ந்து கசியுதுன்னு நானும் பாக்கணும் தம்பி. இத்தன நாள் மேல ஊத்துறதத்தான் பாத்திருக்கேன்."

அன்று மாலை நான் பட்டறையிலிருந்து அறைக்குப் போகவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வந்து, எங்கள் ஊரான ஜீயபுரத்துக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் வாழைத் தோட்டங்கள். அப்பா அங்கேதான் வாழைத்தார் வெட்டி லாரியில் ஏற்றுகிறவர். கல்லூரிக்குப் போனதிலிருந்து என்னிடம் வீட்டில் யாரும் எதுவும் சொல்வதில்லை. என்ன கேட்டாலும், "எல்லாம் நல்லாருக்கு, நீ உன் வேலையப் பாரு" என்பார்கள். எனக்கென்று சில வேலைகள் ஒதுக்கியிருக்கிறார்கள். கரன்ட் பில் கட்டுவது, ரேஷன் கார்டில் முகவரி மாற்றுவது, போனில் வருகிற ஆங்கிலச் செய்தியைப் படித்துச் சொல்வது. நானும் அவற்றைச் சிரத்தையாகச் செய்கிறேன். பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது, எனக்கும் வைப்பர் டேங்க்கைத்தான் காட்டியிருக்கிறார்களோ என்று. பீமராவ் சாருக்காவது அது தெரிந்திருந்தது.

போன தடவை வந்தபோது அப்பா காபி டம்ளரை இடது கையால் எடுத்ததைப் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிட்டேன். இன்று சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். "வலது கைக்கு என்னப்பா?"

"அது ஒண்ணுமில்ல" என்றார் அம்மா உள்ளேயிருந்து, கேள்வி முடியும் முன்பே.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். தோள்பட்டை போய்ப் பல மாதம் ஆகிறது. தார் தூக்குவதை விட்டுவிட்டார். நான் நம்பிக்கொண்டிருந்த தோட்டத்துக்கு அவர் போகவே இல்லை. அவர் சொல்லச் சொல்ல எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனால் இடையில் புகுந்து ஆறுதல் எதையும் ஊற்றிவிடாமல் கடைசிவரை கேட்டேன்.

கோயம்புத்தூரில் அவர்கள் கண்டுபிடித்தது மிகச் சிறிய விஷயம். கூலன்ட்டைச் சுற்றவைக்கும் பம்ப்பின் இணைப்பில் ஒரு ரப்பர் வளையம் விரிசல் விட்டிருந்தது. வண்டி ஓடும்போது மட்டும் கசிந்து, சூட்டில் காய்ந்துவிடும். அதனால்தான் எனக்கு ஈரம் அகப்படவில்லை. திரவத்தில் தண்ணீர் கலந்ததை உணர்ந்து வண்டி சார்ஜை மறுத்ததோடு சரி, நல்லவேளையாக பேட்டரிக்குள் தண்ணீர் போகவில்லை. பழைய திரவம் முழுவதையும் வடித்து, கழுவி, புதிதாக நிரப்பிக் கொடுத்தார்கள். வேணியக்கா அந்த ரப்பர் வளையத்தைக் கேட்டு வாங்கிவந்து சார் கையில் கொடுத்தார். சார் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்து, விரிசல் விட்ட இடத்தைத் தானே கண்டுபிடித்தார்.

இப்போது ஒரு புதுப் பழக்கம். தினமும் காலையில் இருவரும் சேர்ந்து பானெட்டைத் திறப்பார்கள். சார் டார்ச் பிடிப்பார், வேணியக்கா போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார். இரண்டு கோடுகளுக்கு நடுவே நீலம். ஓரத்தில் சாரின் கட்டைவிரல். வைப்பர் டேங்க்குக்கு இன்னும் அவர்தான் தண்ணீர் ஊற்றுகிறார், வைப்பர் டேங்க் என்று சொல்லியே.

போன வாரம் ஒருநாள் போட்டோவுக்குப் பதில் போன் வந்தது. நான் பட்டறையில் ஒரு ஸ்கூட்டரின் கீழே இருந்தேன்.

"தம்பி, கோட்டுக்கும் கீழ கொஞ்சம் எறங்கின மாதிரி இருக்கு. திரையிலயும் மஞ்சளா வந்திருச்சு." வேணியக்காவின் குரல் சாதாரணமாக இருக்க முயன்றது. "நாங்க ஒண்ணும் ஊத்தல."

பின்னாலிருந்து பீமராவ் சார், "டார்ச்சை நான்தான் புடிச்சேன்னு சொல்லு" என்பது கேட்டது.

புதிதாக நிரப்பிய பிறகு குழாய்களில் தங்கிய காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், அப்போது மட்டம் ஒருமுறை இறங்கும். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் பார்க்காமல் சொல்லக் கூடாது.

"வரேன்க்கா. தொடாதீங்க." ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டே, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கேட்டேன். "மாதவன் சாருக்கு?"

"அவருக்குத்தான் மொதல்ல அனுப்புனேன்."

"என்ன சொன்னாரு?"

"'கலையரசன் பாத்துட்டு சொல்லட்டும்'னு போட்டிருக்காரு. வேற ஒண்ணும் போடல தம்பி. நீங்க காவேரிப் பாலத்துல நிதானமா வாங்க. நாங்க இங்கதான் இருக்கோம்."